ஊதியமில்லாப் பதவி

போளூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினாலும் சரி, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஏறினாலும் சரி, ஜவ்வாது மலையில் நாம் சென்று சேரும் நடுநாயகமான ஊர் ஜமுனாமரத்தூர். இம்மலையை வெளியுலகம் இரண்டு பொருள்களால் அறிந்திருக்கிறது. ஒன்று சந்தனம். மற்றொன்று, காவலூரில் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கும் வானாய்வு நிலையம். 1986ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு பெரிய தொலைநோக்கி விண்மீன்களை நோக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தத் தொலைநோக்கியைச் சுற்றிலும் உள்ள சரிவுகளில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்து வரும் சாமையைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

அண்மைக் காலத்தில் அந்தச் சாமைக்கும், புளிக்கும், தேனுக்கும் ஒரு நிறுவனம் ஏற்பட்டிருக்கிறது. ஜவ்வாது மலைப் பழங்குடி உழவர்கள் தாமே பங்குதாரர்களாகச் சேர்ந்த உற்பத்தியாளர் நிறுவனம் அது. இதுபோன்ற அமைப்புக்கள் இன்று மலைதோறும் எழுந்து வருகின்றன. சில, சட்டப்படி நிறுவனங்கள், சில, 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சங்கங்கள், சில, அறக்கட்டளைகள். நிலம் கெடாத வேளாண்மையைப் பரப்புவது இவற்றின் நோக்கம். இவற்றுக்கு மேலாளர் உண்டு, கணக்கர் உண்டு. அவர்களுக்குச் சம்பளமும் உண்டு. ஆனால் இவர்கள் எல்லாருக்கும் மேலே ஒரு குழு அமர்ந்திருக்கிறது. அதில் இருப்பவர்க்கு மாதச் சம்பளம் கிடையாது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த ஊதியமில்லாப் பதவியைப் பற்றியே.

குழு என்றதும் நம்மில் பலர், இது மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு என்று கருதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் எதனைச் சொல்கிறார்களோ அதற்கு நாம் இன்று வழங்கும் சொல் ‘வாரியம்’. அச்சொல் உத்தரமேரூர்க் கல்வெட்டில் உள்ள சொல். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுக்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. அங்கே சொல்லப்பட்ட தகுதிகளைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள்: வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு. ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது தகுதியன்று, தகுதியின்மை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனும் அவனுடைய உறவினரும் மறுபடி வாரியத்தில் இடம்பெறலாகாது என்று அக்கல்வெட்டு விதிக்கிறது.

இப்பொழுது நம் காலத்துச் சட்டத்தைப் பாருங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கான சட்டப் பிரிவு 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. பிறகு 2020இல் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. அதன்படி, ஒரு நிறுவனம் தொடர்ந்து மூன்றாண்டுகள் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யத் தவறினால், அதன் இயக்குநர்கள் பதவியை இழக்கிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தும் குற்றம் அதுவே. தண்டனையும் ஏறக்குறைய அதுவே. உறவினரை மட்டும் இக்காலத்துச் சட்டம் விட்டுவிட்டது! ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. உத்தரமேரூர்ச் சபை பிராமணர் சபை. அங்கே நிலமில்லாதவனுக்கு இடமில்லை. ஜவ்வாது மலை நிறுவனம் போன்றவற்றில் நிலம் அதிகமுள்ளவனுக்கும் ஒரு வாக்கு, அரை ஏக்கர் உள்ளவளுக்கும் ஒரு வாக்கு. இந்த வேறுபாடு சிறிதன்று.

மலையாளி மக்களுக்கும் இம்முறை புதிதன்று. ஊர்க்கவுண்டர், நாட்டுக்கவுண்டர் என்று வழக்குத் தீர்க்கவும் விழா நடத்தவும் சம்பளம் வாங்காத பெரியோர் அவர்களிடையே நெடுங்காலமாக இருந்து வந்திருக்கின்றனர். ஊர்க்காரியத்துக்குக் கூலி கேட்பதை மலை ஒருபோதும் மதித்ததில்லை.

ஊதியமில்லாப் பதவியை ஒரு கொள்கையாகவே வகுத்தவர் செருமானிய நாட்டு ரைபைசன். சிற்றூர்களின் கடன் சங்கங்களுக்கு அவர் விதித்த முறைகளுள் முக்கியமானது, நிர்வாகிகள் ஊதியம் பெறக்கூடாது, கணக்கர் ஒருவரே பெறலாம் என்பது. பணத்தைக் கையாள்வோன் வேறு, அவனைக் கண்காணிப்போன் வேறு. கண்காணிப்போனின் வயிற்றுப்பாடு சங்கத்தின் பெட்டியைச் சார்ந்து இருக்கலாகாது என்பது அதன் உட்கருத்து. சென்னை மாகாண அரசுக்காக பிரெடெரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கை இந்த முறையையே நமக்குப் பரிந்துரைத்தது. 1904இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் திரூரில் உழவர் சங்கமும், திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றின. இந்த வரலாற்றை நான் நீட்டப்போவதில்லை. மலைக்குத் திரும்புவோம்.

சாமை ஆனி, ஆடியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகை வாக்கில் அறுக்கும் பயிர். மழை தந்த ஈரமே அதற்குப் போதும். உரமும் மருந்தும் பெரிதாகக் கேட்பதில்லை. பிந்தி விதைத்தால் குருத்து ஈ தாக்கும். அதனைக் காலத்தோடு விதைத்தே தவிர்க்கலாம். ஆகவே நிலம் கெடாத வேளாண்மையை மலையுழவனுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அவனுக்குத் தெரிந்த வேளாண்மையே அது. அவனுக்குத் தெரியாதது, அல்லது தெரிந்தும் கைக்கு எட்டாதது, அறுவடைக்குப் பின் நடக்கும் வாணிபம். விதைப்புக்கு முன் முன்பணம் வாங்கி, அறுத்தவுடன் களத்திலேயே தானியமாகத் திருப்பித் தரும் வழக்கம் மலைநாடுகளில் நெடுங்காலமாக நிலவுவது. விலையை அப்பொழுது யார் வைப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தானியம் உமியோடு மலையிறங்கி, வெளியூர் ஆலைகளில் அரிசியாகிறது. மலையில் உரலில் குத்திக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்த உழைப்பு குறைந்தது நன்மையே; ஆனால் உமி நீங்கும்போது சேரும் மதிப்பும் மலையை விட்டு நீங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் வாரிய உறுப்பினரின் வேலை தொடங்குகிறது. உழவர்க்குக் களத்தில் என்ன விலை கொடுப்பது? இதுவே அந்த ஆண்டின் தலையாய கேள்வி. சட்டம் இதனை மேலாளரிடம் விடவில்லை. இயக்குநர் குழுவிடம் விட்டிருக்கிறது. பேச்சுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். நூறு கிலோ சாமையைக் கிலோ நாற்பது ரூபாய்க்கு வாங்கினால் நாலாயிரம் ரூபாய். ஆலைக்கூலி, வண்டிச்சத்தம், சாக்கு எல்லாம் சேர்ந்து எண்ணூறு. உமியும் தவிடும் குருணையும் போக அறுபத்தைந்து கிலோ அரிசி தேறுவதாகக் கொண்டால், அரிசியின் அடக்கவிலை கிலோவுக்கு ஏறக்குறைய எழுபத்து நான்கு ரூபாய் ஆகிறது. உழவர் நலம் கருதி, நாற்பதை நாற்பத்தைந்து ஆக்குவோம் என்று ஓர் உறுப்பினர் சொல்கிறார். சொல்வது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் சாமைக்கு ஒரு ரூபாய் கூட்டினால் அரிசிக்கு ஒன்றரை ரூபாய் கூடிவிடுகிறது. அடக்கவிலை எண்பத்திரண்டு ஆயிற்று. நகரத்துக் கடைக்காரர் அந்த விலைக்கு வாங்குவாரா? வாங்கவில்லையெனில் அரிசி கிடங்கில் தங்கும். உமி நீக்கிய சாமையோ நெடுநாள் தங்காது. காறல் வாடை தட்டும், வண்டும் விழும்.

இதற்குச் சட்டமே ஒரு வழி காட்டியிருக்கிறது. களத்தில் ஒரு பகுதி விலையைக் கொடுத்து, எஞ்சியதை விற்ற பிறகு கொடுக்கலாம். ஆண்டு முடிவில் மிச்சம் நின்றால், ஒவ்வொருவரும் எவ்வளவு தானியம் அளந்தாரோ அந்த விகிதப்படி மேற்கொண்டு பங்கும் தரலாம். முறை நல்ல முறைதான். ஆயினும் நாளை வரும் ஐந்து ரூபாயைவிட இன்று கையில் விழும் மூன்று ரூபாய் இனிப்பது வறியவர் வாழ்வின் இயல்பு. வியாபாரி களத்திலேயே முழுப் பணத்தை எண்ணி வைக்கும்போது, ‘எங்கள் நிறுவனம் தை மாதம் மீதியைத் தரும்’ என்று சொன்னால் எத்தனை பேர் காத்திருப்பார்கள்? எனவே என் கருத்தில், விலையை முடிவு செய்யும் கூட்டம் ஐப்பசியில் நடப்பதால் பயனில்லை. கொள்முதலுக்கு வேண்டிய ரொக்கம் எங்கிருந்து வரும் என்பதை ஆவணியிலேயே கேட்டுத் தீர்த்திருக்க வேண்டும். வங்கியின் வாசலுக்கு மேலாளர் எத்தனை முறை சென்றார், விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று கேட்பவரே நல்ல உறுப்பினர்.

இன்னொரு சோதனை உண்டு. மலைச் சாமைக்கு நகரத்தில் நல்ல பெயர். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது முதல் கேட்போர் தொகை பெருகிவிட்டது. ஒரு பெரிய கடை பத்து டன் கேட்கிறது. கிடங்கில் ஆறு டன்தான் இருக்கிறது. எஞ்சிய நாலு டன்னைச் சமவெளிச் சந்தையில் வாங்கி, அதே பையில் இட்டு, அதே மலையின் பெயரில் அனுப்பினால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? மேலாளருக்கு விற்பனை இலக்கு இருக்கிறது. அவர் ஆசைப்படுவது இயற்கை. சம்பளம் வாங்காத ஒருவர் அறையில் இருப்பதற்குக் காரணமே இத்தகைய நேரத்தில் ‘கூடாது’ என்று சொல்லத்தான். அவருக்கு இழப்பதற்கு இலக்கு இல்லை, பதவி உயர்வு இல்லை. இயற்கை வேளாண் பொருளுக்கு நாட்டில் 2011 முதல் நடைபெறும் பங்கேற்பு உறுதிமுறையும் இந்த நேர்மையையே நம்பி நிற்கிறது. அதில் வெளியிலிருந்து பரிசோதகர் வருவதில்லை. குறைந்தது ஐந்து உழவர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்துச் சான்று கூறுகின்றனர். பக்கத்து நிலத்துக்காரனின் கொட்டகையில் பூச்சிமருந்துப் புட்டியைக் கண்டால் அதனை எழுத வேண்டும். தம்பியின் மாமனார் நிலமாக இருந்தாலும் எழுத வேண்டும். இது எளிய காரியமென்று நான் சொல்லமாட்டேன்.

விதையைப் பற்றியும் ஒரு சொல். திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் இருக்கிறது. ஏடிஎல் 1 என்னும் சாமை அங்கிருந்து 2019இல் வெளிவந்தது. விளைச்சல் மிகுந்தது. அதனை ஏற்பதா, பாட்டிமார் பானையில் வைத்துக் காத்த நாட்டு விதையையே போற்றுவதா என்று கூட்டங்களில் வாதம் எழக்கூடும். இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புதியதை விளைநிலத்தில் பாதியில் இடட்டும். பழையதை அழியாமல் ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பிக்கும் குடும்பங்களுக்கு நிறுவனம் சற்றுக் கூடுதல் விலை தரட்டும். ஆனால் எந்தக் கதிர் விதைக்குத் தகும், எது தகாது என்று அறிந்தவர்கள் பெண்கள். வாரியத்தில் பெண்கள் இல்லாமல் விதையைப் பற்றி முடிவெடுப்பது, சமையலறைக்கு வெளியே நின்று உப்புப் பார்ப்பது போன்றது.

இனிக் கணக்கு. மலையில் வாழும் இயக்குநர் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. தணிக்கையாளர் தயாரித்த அறிக்கையோ ஆங்கிலத்தில் வருகிறது. கூட்டத்தில் அது மேசைமீது வைக்கப்படுகிறது, விரல் சுட்டிய இடத்தில் எல்லாரும் கையெழுத்திடுகின்றனர், தேநீர் வருகிறது. இந்தக் காட்சி எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுரிமையன்று. நகரத்துப் படித்தவர்கள் நடத்தும் சங்கங்களிலும் நடப்பதுதான். ஆனால் விளைவு வேறு. சட்டத்துக்கு மாறான ஒரு தீர்மானத்துக்கு இயக்குநர்கள் வாக்களித்து அதனால் நட்டம் வந்தால், அதனை ஈடுசெய்யும் பொறுப்பு அவர்களையே கூட்டாகவும் தனித்தனியாகவும் சேரும். 2017ஆம் ஆண்டில் கணக்குத் தாக்கல் செய்யாத நிறுவனங்களைச் சார்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்களை மத்திய அரசு தகுதியிழந்தவர்களாக அறிவித்தது. அது பல துறை நிறுவனங்களுக்கும் பொதுவான நடவடிக்கை. ஆயினும் அதே விதியின் நிழல் மலையுழவன் தலைமேலும் படிந்திருக்கிறது என்பதை அவனுக்கு யாராவது தமிழில் சொல்ல வேண்டும் அல்லவா?

நான் வேண்டுவது பெரிய கணக்கறிவு அன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் வாரியம் கூட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தில் கையிலும் வங்கியிலும் உள்ள ரொக்கம் எவ்வளவு, கிடங்கில் உள்ள சரக்கு எத்தனை மூட்டை, உழவர்க்கு நாம் தர வேண்டிய பாக்கி என்ன, கடைக்காரர் நமக்குத் தர வேண்டியது என்ன, கடன் எவ்வளவு என்ற இவற்றைத் தமிழில் உரக்கப் படித்தால் போதும். மூட்டைக் கணக்கைப் படித்தபின் இரண்டு உறுப்பினர் எழுந்து கிடங்குக்குச் சென்று எண்ணிவிட்டு வரட்டும். மேலாளரை ஐயுறுவதாக இதற்குப் பொருளில்லை. நல்ல மேலாளர் இதனை விரும்புவார். எலி தின்றதற்கும் ஈரம் காய்ந்து எடை குறைந்ததற்கும் அவர் தனியாகப் பழி சுமக்க வேண்டாம்.

சமவெளியிலிருந்து வரும் பெரியோரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வேளாண்மைப் பேராசிரியர், மருத்துவர் என்று பலர் அன்பினால் இப்பணிக்கு வருகின்றனர். அவர்களுடைய அறிவு மலைக்குத் தேவை. சட்டம் இங்கே நல்ல விவேகம் காட்டியிருக்கிறது. உற்பத்தியாளர் நிறுவனத்தில் இயக்குநர் ஐவருக்குக் குறையாமலும் பதினைவருக்கு மேற்படாமலும் இருக்கலாம். வல்லுநர்களை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரையில் சேர்த்துக்கொள்ளலாம். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கில் மட்டும் அவர்களுக்கு உரிமையில்லை. வல்லுநர் பேசத் தொடங்கினால் மலையுழவர் வாய்மூடிவிடுவது எங்கும் காணக்கூடியது. அன்பர்களான வல்லுநர்கள் கூட்டத்தில் கடைசியாகப் பேசுவதென்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டால் போதும். பாதி நோய் தீரும்.

நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர் ரெஜியும் மருத்துவர் லலிதாவும் 1993இல் மருத்துவப் பணி தொடங்கினர். நோயின் வேர் நிலத்திலும் உணவிலும் இருக்கக் கண்டு, இயற்கை வேளாண்மைக்கு உழவர் ஒரு சங்கமாகத் திரளத் துணைநின்றனர். அது பின்னர் உழவர்களின் நிறுவனமாகவே வளர்ந்தது. கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து உழைத்து, மரவள்ளி பரவியதால் அருகிவந்த சாமையையும் பிற சிறுதானியங்களையும் விதை வங்கிகளாலும், ஊர்க் குழுக்கள் நடத்தும் சிறு ஆலைகளாலும் தாங்கியது. அக்குழுக்களை ஒரு கூட்டமைப்பாக்கிப் பொறுப்பை மெல்ல அவர்கள் கையிலேயே ஒப்படைக்க முயன்றது. கற்றோர் உடன் நிற்பதும், பின் விலகி நிற்பதும் இரண்டுமே பணிதான். இரண்டாவது கடினமானது.

விலகும் நாள் சில வேளைகளில் நாட்காட்டியிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது. 2020இல் மத்திய அரசு பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புக்களை ஏற்படுத்தும் திட்டத்தைத் தொடங்கிற்று. சமவெளியில் முந்நூறு உழவர், மலையில் நூறு உழவர் சேர்ந்தால் ஓர் அமைப்பு. நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை உதவி. நான்காம் ஆண்டின் முதல் மாதத்தில் மேலாளர் சம்பளத்துக்கு என்ன வழி? இக்கேள்வியை முதலாண்டிலேயே எழுப்பாத வாரியம், நான்காம் ஆண்டில் கதவைப் பூட்டும் சாவியைத் தேட வேண்டியிருக்கும்.

ஊதியமில்லாப் பதவி என்றேன். இதனைக் கடுமையாகப் பொருள் கொள்ள வேண்டா. மலைக்கிராமத்திலிருந்து ஒரு பெண் இயக்குநர் கூட்டத்துக்கு வந்தால், அன்றைய வேலைக்கூலியோ களையெடுப்புக் கூலியோ அவருக்குப் போயிற்று. ஓய்வூதியம் வாங்கும் பெரியவருக்கு அந்த நாள் இலவசம், அவருக்கு அன்று. கூட்டப்படியும் பயணச் செலவும் பொதுக்கூட்டம் விதித்தபடி தரலாம் என்று சட்டம் இடங்கொடுக்கிறது. அதனைத் தருவதே நியாயம். தராவிட்டால் வசதியுள்ளவர் மட்டுமே வாரியத்தில் எஞ்சுவர்.

இறுதியாகப் பொதுக்கூட்டம். கணக்காண்டு மார்ச்சு 31இல் முடிகிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தை வழக்கமாகச் செப்டம்பர் முடிவுக்குள் நடத்துகின்றனர். உறுப்பினரில் நான்கில் ஒருவர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். ஆயிரம் பேர் கொண்ட நிறுவனமென்றால் இருநூற்றைம்பது பேர் மலைப்பாதைகளில் நடந்து வரவேண்டும். செப்டம்பரில் சாமை கதிர்விடும். கிளிக்கும் பன்றிக்கும் காவலிருக்க வேண்டிய காலம். ஜூலையில் விதைப்பு. இடையிலே களை பறித்து முடிந்த ஆகஸ்டு நடுவில்தான் மலை சற்று ஓய்ந்திருக்கும். அப்பொழுது, சந்தை கூடும் நாளாகப் பார்த்து, முற்பகல் பதினொரு மணிக்குத் தொடங்கி, கடைசிப் பேருந்து புறப்படுவதற்கு முன் தேர்தலையும் கணக்கையும் முடித்துவிட வேண்டும். பேருந்து நேரத்தை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுவது நல்லது.